அரையாண்டு விடுமுறையில் ஒரு கத்தோலிக்க வீடு: திருவருகைக் காலம் முதல் குடில் பிரிக்கும் நாள் வரை முழுமையான வழிகாட்டி

டிசம்பர் 24 இரவு பத்து மணிக்குப் பல வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கியிருக்காது. கிறிஸ்து பிறப்புக் காட்சி வைக்கும் குடிலில் சீரியல் லைட் பாதிதான் எரியும். பிள்ளைகள் புதுச் சட்டையோடு சோபாவிலேயே தூங்கியிருப்பார்கள். பதினொன்றரைக்குப் பூசை. மறுநாள் மதியம் பிரியாணி சாப்பிட்டதும் எல்லாம் முடிந்துபோன மாதிரி ஒரு அலுப்பு வரும். மீதி விடுமுறை டிவியிலும் போனிலும் கழியும்.

வேலை கூடிப்போனதால் இப்படி ஆவதில்லை. நான்கு வாரத்தில் பரவ வேண்டியதைக் கடைசி இரண்டு நாளில் அடைப்பதால் வரும் வினை இது. இன்னொரு காரணமும் உண்டு. திருவழிபாட்டுக் காலண்டரில் கிறிஸ்து பிறப்புக் காலம் தொடங்குவதே 24 மாலையில்தான். ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது ஓடும். அதாவது, பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறை முழுவதும் கிறிஸ்துமஸ்தான். அதை 25ஆம் தேதியே முடித்துவிடுகிறோம். இந்த வழிகாட்டி தென் மாவட்டக் கத்தோலிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளுக்கும் பலகாரமும் குடிலும் அப்படியே பொருந்தும்.

காலண்டரில் ஐந்து நாள்களைக் குறியுங்கள்

நவம்பர் கடைசியில் உட்கார்ந்து இதைச் செய்துவிட வேண்டும். முதலாவது, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அங்கிருந்து நான்கு ஞாயிறு. கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தால் நான்காம் ஞாயிறு 24ஆம் தேதியிலேயே விழும். அப்போது காலம் 22 நாள்தான். அந்த ஆண்டில் ஞாயிறு பூசை வேறு, இரவுப் பூசை வேறு. ஒன்றுக்குப் போனால் மற்றது தீர்ந்தது என்று கணக்குப் போட முடியாது.

இரண்டாவது, அரையாண்டுத் தேர்வு தொடங்கும் நாள். மூன்றாவது, அது முடியும் நாள்; பெரும்பாலும் 23ஐ ஒட்டி வரும். நான்காவது, பள்ளி திறக்கும் நாள். ஐந்தாவது, உங்கள் பங்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) ஒதுக்கிய நாள். ஊருக்குப் போவதாக இருந்தால் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும்: டிசம்பர் 26 பயணத்துக்கு அக்டோபர் 27 காலையில் உட்கார வேண்டும். நவம்பர் கடைசியில் அதை யோசித்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

நாகர்கோவில் பக்கத்து வீடுகளுக்கு ஒரு கூடுதல் கணக்கு. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3இல் முடியும்வரை வீட்டில் வேறு எந்த வேலையும் நகராது. அதோடு சண்டை போடாமல் 4ஆம் தேதியிலிருந்து திட்டமிடுங்கள். மெழுகுவர்த்தி வளையம் மட்டும் அதற்கு முன்பே மேசைக்கு வந்துவிடட்டும்.

தேர்வு வாரங்களில் பெரியவர்கள் தனியாக முடிக்கக்கூடிய வேலைகள் நடக்கட்டும். பிள்ளைகளின் கை படவேண்டியதை 23க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இந்த ஒரு கோட்டிலிருந்து தானே வரும்.

இரவு செபம்: நேரத்தை நகர்த்தாதீர்கள்

நான்கு வாரமும், அதன் பின் விடுமுறை முழுவதும், வீட்டுக்கு ஒரே ஒரு நிலையான நேரம் போதும். எட்டு மணி என்றால் எட்டு மணி. வேலைக்குப் போனவர் வரவில்லை, குக்கர் விசில் அடிக்கவில்லை என்று தள்ளினால் ஒரு வாரத்தில் ஒன்பதரை ஆகிவிடும். அதற்குள் சின்னப் பிள்ளை தூங்கிவிடும். இருப்பவர்களோடு தொடங்குங்கள். வந்தவர் சேர்ந்துகொள்வார்.

தேர்வு நாள்களில் முழு செபமாலை வேண்டாம். ஐந்து பத்துமணிக்கு (பத்துப் பத்து மணிகளாக வரும் செபமாலைப் பகுதிகளுக்கு) இருபது நிமிடம் ஆகும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அந்த இருபது நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு நிமிடத்தில் முடியும் வரிசை இது: மெழுகுவர்த்தி ஏற்றுதல், ஒரு பாட்டில் பல்லவியும் ஒரு சரணமும், அன்றைய நற்செய்தி, ஒரு நிமிட மௌனம், ஆளுக்கொரு மன்றாட்டு, கர்த்தர் கற்பித்த செபம், சிலுவை அடையாளம். மன்றாட்டை ஒரு வாக்கியத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பெரியவர்கள்தான் இதை மீறுவார்கள். மன்றாட்டு என்ற பெயரில் மகனுக்கு அறிவுரை சொல்லத் தொடங்கினால் அடுத்த நாள் அவன் பாத்ரூமிலிருந்து வெளியே வரமாட்டான்.

டிசம்பர் 17 முதல் நற்செய்தி வாசகங்கள் ஒரு தொடர்கதை போலவே நகரும். 17 அன்று மத்தேயுவின் மூதாதையர் பட்டியல், 18 யோசேப்பின் கனவு, 19 செக்கரியா ஊமையாவது, 20 மரியாவுக்குத் தூது, 21 எலிசபெத்தைச் சந்திப்பது, 22 மரியாவின் பாடல், 23 யோவான் பிறப்பு, 24 காலையில் செக்கரியாவின் பாடல். இடையில் ஞாயிறு வந்தால் அன்று ஞாயிறு வாசகம். பட்டியல் வாசிக்கிற அன்று பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெயர்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து மாறி மாறி வாசிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடியும். தாமார், ராகாபு, ரூத்து பெயர்கள் யார் பங்கில் விழுகிறதோ அவர்கள் அந்தக் கதையை மறுநாள் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். தாமார் கதையை மட்டும் பெரிய பிள்ளைக்குக் கொடுங்கள்.

மெழுகுவர்த்தி வளையம்

திருவருகைக் காலத்தில் ஞாயிறுக்கு ஒன்று கூடுதலாக ஏற்றிவரும் வளையம் இது. ஊதா மூன்று, ரோஸ் ஒன்று, நடுவில் வெள்ளை. ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு. வெள்ளை 24 இரவுக்கு. நிற மெழுகுவர்த்தி கிடைக்காவிட்டால் வெள்ளையிலேயே நிற ரிப்பனை அடிப்பாகத்தில் மட்டும் கட்டுங்கள். சுடர் ரிப்பனை எட்டும் முன் மாற்றிவிட வேண்டும்.

முதல் மெழுகுவர்த்தி நான்கு வாரமும் எரியும். தினம் பத்து நிமிடம் என்றால் 28 நாளுக்கு ஏறக்குறைய நாலேமுக்கால் மணி நேரம். சாதாரண வீட்டு மெழுகுவர்த்தி மணிக்குச் சுமார் இரண்டரை செ.மீ. கரையும் என்பதால் 12 செ.மீ. போய்விடும். ஆகவே 18 முதல் 20 செ.மீ. உயரத்தில், கனமானதாக வாங்குங்கள். மின்விசிறி ஓடினால் ஒரு பக்கமாக உருகி இந்தக் கணக்கெல்லாம் தப்பும். செப நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

பச்சைக்கு நம் ஊரில் சவுக்குக் கிளை நன்றாக அமையும். ஆனால் ஒரு வாரத்தில் காய்ந்து, பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக மாற்றுங்கள். நெட்டிலிங்க இலை இன்னும் கொஞ்சம் தாங்கும். வளையத்தை நேராக மேசை விரிப்பின் மேல் வைக்காமல், ஈர மணல் பரப்பிய எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்து, மெழுகுவர்த்தியை மணலில் இரண்டு விரல் ஆழம் ஊன்றுங்கள்.

பலகாரம்: எதை முதலில், எதைக் கடைசியில்

கேக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வீட்டில் ஓவன் இருந்து பழக்கமும் இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் பேக்கரியில் 20ஆம் தேதிக்குள் சொல்லிவையுங்கள். வீட்டுக் கையால் ஆகவேண்டியவை அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும்.

அச்சு முறுக்கு மூன்று வாரம் மொறுமொறுப்பாக நிற்கும். ஆகவே அது டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்கு. அரைக் கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் அரை மணி நேரம் உலர்த்தி, தொட்டால் ஈரம் தெரியும்போதே அரைத்துச் சலியுங்கள். முட்டை 2, பொடித்த சர்க்கரை 150 கிராம், ஒரு தேங்காயின் பால் சுமார் 450 மி.லி., அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் கறுப்பு எள். தேங்காய்ப்பாலை ஒரேயடியாக ஊற்றாமல் கடைசி 50 மி.லி.யைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாவு எவ்வளவு ஈரமாக இருந்தது என்பதைப் பொறுத்து அது தேவைப்படாமலும் போகலாம். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அரை மணி நேரம் மாவு அமரட்டும்.

அச்சு புதிதென்றால் முந்தைய நாள் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டுத் துடைத்து, சூடான எண்ணெயில் இறக்கி, அதிலேயே இரவு முழுக்க ஆறவிடுங்கள். பொரிக்கும்போது ஒவ்வொரு முறையும் அச்சு எண்ணெயில் சூடாக வேண்டும். மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குங்கள். விளிம்புக்கு மேலே மாவு ஏறினால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொண்டு கழலாது. எல்லா வீட்டிலும் முதல் ஐந்து முறுக்கு வீணாவது இதனால்தான். முக்கியவுடன் 'சொய்' என்று மெல்லச் சத்தம் வந்து மாவு ஒட்டினால் சூடு சரி. சத்தம் வராமல் மாவு வழிந்தால் அச்சு ஆறிப்போயிருக்கிறது. மாவு ஒட்டாமல் தட்டையாக வெந்து மாவிலேயே கழன்றால் சூடு அதிகம். சீக்கிரம் சிவந்தும் உள்ளே மெத்தென்று இருந்தால் சர்க்கரை கூடிவிட்டது. இரண்டு கைப்பிடி அரிசி மாவும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் சேர்த்தால் மீளும்.

முந்திரிக்கொத்துக்கு 20, 21 தேதிகள். அரைக் கிலோ பாசிப்பயறை நிதான தீயில் வாசம் வரும்வரை வறுத்து, ரவைப் பதத்தில் உடையுங்கள். ஒரு முழுத் தேங்காய்த் துருவலை எண்ணெய் இல்லாமல் பொன்னிறமாக வறுங்கள். இதில் ஈரம் நின்றால் ஐந்தாம் நாளே காறல் வாடை வரும். வறுத்த எள் 50 கிராம், ஏலக்காய் பத்து. வெல்லம் 400 கிராமை 150 மி.லி. தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மறுபடி கொதிக்கவிட்டுக் கம்பிப் பதம் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே நெல்லிக்காய் அளவில் உருட்டுங்கள். ஐம்பதுக்கு மேல் வரும். ஆறினால் உதிரும் என்பதால் உருட்ட இரண்டு பேராவது வேண்டும். தேர்வு முடியாத பிள்ளையை இழுக்காதீர்கள், பக்கத்து வீட்டுச் சித்தியைக் கூப்பிடுங்கள்.

உருண்டைகளை ஓர் இரவு உலரவிடுவதைத் தவிர்க்கவே முடியாது. மேல்தோல் இறுகாத உருண்டை எண்ணெயில் பிளந்து, வெல்லம் கசிந்து, எண்ணெய் முழுவதும் கறுக்கும். மறுநாள் 250 கிராம் பச்சரிசி மாவில் சிட்டிகை மஞ்சளும் உப்பும் போட்டு இட்லி மாவுப் பதத்தில் கரைத்து, மூன்று மூன்றாகச் சேர்த்து முக்கிப் பொரியுங்கள். மேல்மாவு நீர்த்திருந்தால் மூன்றும் பிரிந்து போகும்.

ஆறின பிறகும் மூன்று மணி நேரம் கழித்தே டின்னை மூடுங்கள். தென் மாவட்டங்களில் டிசம்பர் மழை எப்படியும் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்த அளவுக்கு வராவிட்டாலும், காற்றிலிருக்கும் ஈரம் மட்டுமே முறுக்கை நமுக்கப் போதும். டின்னைத் தரையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள்.

அக்கம்பக்கத்துக்குத் தட்டு அனுப்புவதில் ஒரு நுணுக்கம் உண்டு. இது ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டிருக்கும் காலம், மார்கழி விரதம் இருப்பவர்களும் உண்டு. அந்த வீடுகளுக்கு முட்டை சேர்ந்த கேக்கும் அச்சு முறுக்கும் போகக் கூடாது. முந்திரிக்கொத்தும் வாழைப்பழமும் போதும். அந்த முந்திரிக்கொத்து முறுக்கு பொரித்த எண்ணெயில் பொரித்ததாக இருக்கக் கூடாது. கொடுக்கும்போது "முட்டை சேர்க்காதது, எண்ணெயும் தனி" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு, வாங்கி மூடிவைப்பவர்கள் அதிகம். வைகுண்ட ஏகாதசி அன்று தட்டு அனுப்புவதையும் தவிர்க்கலாம்.

குடில்

1223இல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் ஒரு குகையில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துப் பிறப்பு விழாவைக் கொண்டாடினார். வீட்டுக் குடிலுக்கும் அவ்வளவு இருந்தால் போதும். அருவியும் ரயிலும் ஓடும் குடில்கள் பங்குப் போட்டிக்கு நன்றாக இருக்கும். வீட்டில் அவை அப்பாவின் வேலையாக முடிந்துபோகும், பிள்ளைகள் வேடிக்கை மட்டும் பார்ப்பார்கள்.

முதல் வேலை சுரூபங்களை (சிலைகளை) எடுத்துப் பார்ப்பது. அதை டிசம்பர் முதல் வாரமே செய்யுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுரூபத்தில் இடையனின் கையும் ஆட்டின் காதும் உடைந்திருக்கும். ஃபெவிகால் வைத்து ஒட்டி ஒரு நாள் அசையாமல் விடுங்கள். மந்திரித்த சுரூபம் சீர் செய்ய முடியாமல் நொறுங்கிவிட்டால் குப்பையில் போடுவதில்லை. கால் படாத இடத்தில் மண்ணில் புதைத்துவிடலாம்.

அளவு நிற்கும் சுரூபத்தைப் பொறுத்தது. யோசேப்பு ஆறு அங்குலம் என்றால் குடிசையின் வாசல் ஒன்பது அங்குலம், அதாவது ஒன்றரை மடங்கு. இதைப் பார்க்காமல் கடையில் குடிசையை மட்டும் வாங்கி வந்தால் யோசேப்பு கூரையில் முட்டுவார். ஆறு அங்குலச் செட்டுக்கு மூன்றுக்கு இரண்டு அடி பிளைவுட் பலகை தாராளம். பலகையைத் தரையில் வைக்காமல் முக்காலி மேல் வையுங்கள்: எறும்பு, தவழும் குழந்தை, மாப் போடும் தண்ணீர் மூன்றும் எட்டாது.

புல்லுக்கு நாள் கணக்கு உண்டு. நெல் என்றால் ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் ஈரத்துணியில் கட்டி முளை கட்டி, 13ஆம் தேதி தட்டில் ஓர் அங்குலத் தேங்காய் நார்க் கழிவின் மேல் நெருக்கமாகத் தூவுங்கள். 24க்குள் விரல் நீளத்துக்கு எழும். கேழ்வரகு அவ்வளவு உயராது, புல்தரை போலப் படியும். அதை 17ஆம் தேதி தூவினால் போதும். முதல் மூன்று நாள் இருட்டில், பிறகு ஜன்னலோரம். நீர் தேங்கினால் வேர் அழுகி நாறும், ஆகவே ஊற்றாமல் தெளியுங்கள்.

23 மாலை, கடைசிப் பரீட்சை முடிந்து வந்ததும், பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். வரிசை இப்படி:

1. மலைத்தாளைக் கசக்கி, பின்பக்கம் உயரமாக, பழைய அட்டைப்பெட்டிகளின் மேல் போர்த்துங்கள். தட்டையாக விரித்தால் மலை வராது. நன்றாகக் கசக்கிப் பாதி பிரித்தால்தான் மடிப்பு விழும்.
2. விளக்கு ஒயரை இப்போதே ஓட்டிவிடுங்கள். சுரூபம் வைத்த பிறகு கைவிட்டால் எல்லாம் சரியும். எல்.இ.டி. சீரியல் லைட் மட்டும்; ஒரே பிளக்; வைக்கோலுக்கு அடியில் ஒயர் இணைப்பு வரவே கூடாது. குடிலுக்குள் மெழுகுவர்த்தி வேண்டாம்.
3. குடிசை, அதன் முன் புல்தட்டுகள், தட்டு விளிம்பை மறைக்க மணலும் கூழாங்கல்லும்.
4. மாடு, கழுதை, மரியா, யோசேப்பு. தீவனத்தொட்டி காலி.
5. இடையர்கள் மலைச் சரிவில், ஆடுகளோடு. மூன்று ஞானிகள் இப்போதைக்கு வீட்டின் வேறொரு மூலையில், புத்தக அலமாரியிலோ டிவி மேசையிலோ. அவர்கள் நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து, ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சி விழாவன்று வந்து சேருவார்கள். இதை நகர்த்தும் பொறுப்பு கடைக்குட்டிக்கு.

ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல் என்று தொட்டியை நிரப்பும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நல்லதுதான், ஆனால் யார் எத்தனை போட்டார்கள் என்று எண்ணத் தொடங்கினால் இரண்டாம் நாளே சண்டை. வைக்கோல் கட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது போட வேண்டும் என்பதை மட்டும் விதியாக்குங்கள்.

வாசலில் தொங்கும் ஸ்டாருக்கு இரண்டே எச்சரிக்கை. உள்ளே ஐந்து முதல் ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு, பழைய குண்டு பல்பு காகிதத்தைக் கருக்கும். மழைச்சாரல் படாமல் சன்ஷேடுக்குக் கீழே; ஹோல்டருக்குள் தண்ணீர் இறங்கினால் ஷாக்.

கேரல், பாவசங்கீர்த்தனம்

அன்பியத்தின் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) கேரல் ரவுண்ட்ஸ் எந்த இரவு உங்கள் தெருவுக்கு வரும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மறுநாள் கணக்குப் பரீட்சை இருக்கும் பிள்ளை பாட்டுக் குழுவோடு பதினொரு மணிவரை சுற்ற முடியாது. சொந்தத் தெரு மட்டும், ஒன்பதரைக்கு வீடு. குழுவை நடத்துபவர்கள் ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்பது சட்டம். வருபவர்களுக்குச் சுக்குக் காபி போதும், முந்தின பத்து வீட்டிலும் கேக்தான் தின்றிருப்பார்கள்.

பாவசங்கீர்த்தனத்தை 24ஆம் தேதிக்கு வைக்காதீர்கள். அன்று வரிசை நீளம், சாமியாருக்கும் அலுப்பு, உங்களுக்கும் அடுப்பு நினைவு. மூன்றாம் வார வேலை நாளில் மாலைப் பூசைக்கு அரை மணி முன் போனால் நிதானமாக முடியும். முதல் நன்மை (பூசையில் தரும் நற்கருணை அப்பம்) வாங்கிய பிள்ளைகளையும் அப்போதே கூட்டிப் போங்கள். முந்தைய இரவு ஆத்தும சோதனைக்குப் பத்து நிமிடம் தனியாக விடுங்கள், கூட உட்கார்ந்து பட்டியல் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

24ஆம் தேதி, மணி வாரியாக

காலை ஏழு மணிக்கு செக்கரியாவின் பாடலை வாசித்து நாளைத் தொடங்குங்கள். நண்பகலுக்குள் குடிலில் மீதி வேலை முடிய வேண்டும். மதியம் இரண்டு முதல் ஐந்து வரை எல்லாருக்கும் தூக்கம், பெரியவர்களுக்கும்தான். இந்த மூன்று மணி நேரத்தை விட்டுக்கொடுத்த வீட்டில்தான் பூசையில் பிரசங்கத்தின்போது தோளில் தலைகள் சாயும்.

ஆறு மணிக்கு மூவேளை செபம், வளையத்தில் நான்கு மெழுகுவர்த்தியும் கடைசி முறையாக. ஏழரைக்கு இட்லி மாதிரி லேசான சாப்பாடு. நற்கருணை வாங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே உணவை நிறுத்த வேண்டும்; தண்ணீரும் மருந்தும் இதில் சேராது, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விதிவிலக்கு உண்டு. பூசை பதினொன்றரை என்றால் நற்கருணை பன்னிரண்டரைக்கு மேல்தான். கணக்குப்படி பதினொரு மணிக்குக் கேக் சாப்பிடலாம், ஆனால் கோயிலுக்குக் கிளம்பிய பிறகு வாய் மெல்லாமலிருப்பது எளிய வழி.

பத்தே முக்காலுக்குக் கோயிலில் இருந்தால் உட்கார இடம் கிடைக்கும். கிளம்பும்போது கேஸ் சிலிண்டர், குடில் விளக்கு, ஸ்டார் மூன்றையும் அணையுங்கள். பின்வாசல் தாழ்ப்பாளை ஒருவர் பார்த்தார் என்று மற்றவர் நினைத்துக்கொள்ளாமல் ஒரே ஆளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். தெருவில் எல்லா வீடும் காலியாக இருக்கும் இரவு எது என்று திருடர்களுக்கும் தெரியும். பாட்டிக்கு ஸ்வெட்டரும் காதுத் துணியும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை இரவில் இழுக்க வேண்டாம். தாயோ தகப்பனோ ஒருவர் 25 காலைப் பூசைக்குக் கூட்டிப் போகட்டும், அதில் குறை ஒன்றுமில்லை. இரவுப் பூசையில் பிறப்பு நிகழ்ச்சி, விடியல் பூசையில் இடையர்கள் ஓடிவருவது, பகல் பூசையில் 'தொடக்கத்தில் வாக்கு இருந்தது'. மூன்றுக்கும் வாசகம் வேறு.

வீடு திரும்பியதும் கதவைத் திறந்த கையோடு குடில். விளக்கை அணைத்தே வைத்து, வெள்ளை மெழுகுவர்த்தியை ஏற்றி, வீட்டில் இளையவர் குழந்தை இயேசுவை ஏந்தி முன்னால் வர, மற்றவர்கள் பாடிக்கொண்டே பின்னால். தொட்டியில் வைத்த பிறகு சீரியல் லைட். அதன் பிறகே கேக், அதன் பிறகே போன். வாட்ஸ்அப் வாழ்த்து காலை எட்டு மணிக்குப் போனால் யாரும் கோபப்படப் போவதில்லை.

25 மதியம் பற்றி ஒரே குறிப்பு: ஆட்டுக்கறிக்கு 22ஆம் தேதியே சொல்லிவையுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி, எட்டுப் பேருக்குச் சரி.

26 முதல்: இங்கேதான் விடுமுறை தொடங்குகிறது

காலை அட்டவணை கடுமையாக வேண்டாம், ஆனால் ஒன்று இருக்கட்டும். ஏழு மணிக்கு எழுப்புதல். வார நாள் பூசைக்கு தினம் ஒரு பிள்ளை, முறை வைத்து, அப்பாவோடோ அம்மாவோடோ தனியாக. கூட்டமாகப் போவதைவிட இந்த நடைவழிப் பேச்சு பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பத்து மணி முதல் பதினொன்று வரை விடுமுறை வீட்டுப்பாடம். இதைத் தினமும் செய்தால் பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு அழுகை இருக்காது. இரவு எட்டு மணிச் செபத்தில் இப்போது முழு செபமாலை. பரீட்சைச் சாக்கு போய்விட்டது. பத்துமணிக்கு ஒருவராகத் தலைமை.

டிசம்பர் 26 திருச்சபையின் முதல் மறைசாட்சியான ஸ்தேவான் திருநாள். கடலோர ஊர்களில் இந்த நாளுக்கு இன்னொரு கனமும் உண்டு: 2004 சுனாமியில் இறந்தவர்களுக்காகக் குளச்சல், மணக்குடி, வேளாங்கண்ணிப் பக்கமெல்லாம் பூசையும் கல்லறைச் செபமும் நடக்கும். உறவில் யாரையும் இழக்காத வீடும் அன்று ஒரு பத்துமணியை அவர்களுக்கு வைக்கலாம். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது என்னவென்று சொல்லவும் அன்றுதான் வாய்ப்பு.

27 திருத்தூதர் யோவான். 28 ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். அன்று செபத்தை முழுக்கப் பிள்ளைகளே நடத்தட்டும், பெரியவர்கள் திருத்தக் கூடாது. இடையில் வரும் ஞாயிறு திருக்குடும்ப விழா. கிறிஸ்துமஸே ஞாயிறாக இருந்தால் அது 30ஆம் தேதிக்குப் போகும்.

முதியோர் இல்லம் போவதென்றால் 28, 29 தேதிகளில் போங்கள். 25 அன்று அங்கே ஆறு குழு பிரியாணி கொண்டு வரும். மூன்று நாள் கழித்து யாரும் வரமாட்டார்கள். முன்கூட்டிப் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பெரியவர்களுக்கான டயப்பர், சோப்பு, சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் என்பார்கள். பழைய துணி மூட்டை வேண்டாம். திருவருகைக் காலத்தில் பிள்ளைகள் உண்டியலில் போட்ட காசை அவர்கள் கையாலேயே செலவழிக்க விடுங்கள்.

உறவினர் வீட்டுப் பயணத்தில் செபம் அறுந்துபோவது வழக்கம். போகிற வீட்டாரைக் கட்டாயப்படுத்தாமல், பஸ்ஸிலோ காரிலோ கிளம்பிய முதல் இருபது நிமிடத்தைச் செபமாலைக்கு வைத்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

31 இரவு நன்றி வழிபாடு. கிளம்புவதற்கு முன் ஆளுக்கொரு தாளில் இந்த ஆண்டுக்கான மூன்று நன்றியை எழுதி, குடிலுக்கு முன் வைத்துவிட்டுப் போங்கள். வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. ஜனவரி 1 இறைவனின் தாய் மரியா. இரவு விழித்ததால் காலை முழுதும் தூக்கத்தில் போகும், போகட்டும். இந்தியாவில் திருக்காட்சி விழா ஜனவரி 2க்கும் 8க்கும் இடைப்பட்ட ஞாயிறு. ஞானிகள் குடிலுக்கு வந்து சேர, அலமாரியிலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்று முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி திறந்த பரபரப்பில் அவர்கள் டிவிக்குப் பின்னாலேயே நின்றுவிடுவதுண்டு.

குடிலைப் பிரித்தல்

ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்த பிறகு பிரியுங்கள். அதுவரை புல் தாங்காது. மஞ்சளடித்ததும் எடுத்துவிட்டு மணலை மட்டும் விடுங்கள். வைக்கோலைத் தெருமுனை மாட்டுக்குப் போடலாம், ஜிகினா ஒட்டியிருந்தால் மட்டும் போடாதீர்கள். ஒவ்வொரு சுரூபத்தையும் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் ஈரத்தில் மை முகத்தில் ஒட்டும். குழந்தை இயேசுவைப் பெட்டியின் மேலே வைக்காமல் சிறு டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள், வருடா வருடம் தொலைவது அதுதான். சீரியல் லைட்டை அட்டையில் சுற்றும் முன் ஒரு தடவை எரியவிட்டுப் பார்த்து, எரியாததை இப்போதே தூக்கிப் போடுங்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் உடைந்தவை, வாங்க வேண்டியவை என்று நாலு வரி எழுதி ஒட்டி, கரையான் ஏறாத பரண் மேல் ஏற்றிவிடுங்கள்.